உன் ஸ்கூட்டியில் திரிகிற மச்சாள்

என் ஆசை மச்சாள் வதனாவுக்கு,

உன் ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. உயிரோடு இருந்த காலத்தில் நீ ஒரு கலியாண வீட்டுக்குக்கூட நேரத்துக்குப் போனதில்லை. உன் திவசத்துக்கு மட்டும் ஒட்டுசுட்டான் ஊரே நேரத்துக்கு வந்து நின்றது. முல்லைத்தீவிலிருந்து ஒரு பஸ், கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வான். முற்றத்தில் கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் போய் இரவல் வாங்கினோம்.

சமையல் நான்தான். பந்தியில் இருந்த நம் சங்கப் பிள்ளைகளில் ஒருத்தி பருப்பைச் சோற்றோடு குழைத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "கூடல்ல வதனா அக்கா காய்ச்சிற பருப்பு மாதிரியே இருக்குதடி."

வதனா, நீ எந்தக் கூடலில் பருப்புக் காய்ச்சினாய்? நம் பெண்பிள்ளைகள் சங்கத்தில் சேர்ந்த மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளையும் வருடத்தில் ஒரு தடவை கூடலுக்கென்று கூட்டிவந்து, பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் தங்கவைத்து, ஆடவும் பாடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் சொல்லிக்கொடுப்பாய். வெளியில் நின்று கை தட்டிப் பாடினவள் நீ. உள்ளே புகைக்குள் நின்று, கண் எரிய எரிய அகப்பை பிடித்தவள் நான். உலையில் எப்போது அரிசி போடுவதென்றுகூட உனக்குத் தெரியாது. பருப்பு வாளியோடு அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்றேன். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்றுதான் கேட்க முடிந்தது.

செத்தவளோடு என்ன போட்டி என்று இதை வாசிப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நம் இருவருக்கும் ஒரே வயது. உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து உன்னோடு எனக்குப் போட்டிதான். அது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சிரிப்பாய், அதனால் எனக்கு இன்னும் எரியும்.

வவுனியா ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை உன் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்! எல்லோரையும் விட்டுவிட்டு என் கையைப் பிடித்து, "பவானி, பிள்ளையளை விட்டிராதை" என்றாய். உன் அண்ணனிடம் சொல்லவில்லை, உன்னோடு தபால் கந்தோரில் வேலை செய்தவர்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாய். அழ வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. கடைசியில் என்னைத்தானே கேட்டாய் என்ற சந்தோசம்.

அப்படித்தான் சங்கத்தின் வன்னித் தலைவி ஆனேன். சம்பளமில்லாத வேலை. கிழமை நாட்களில் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறில் உன் ஸ்கூட்டியில் ஊர் ஊராகத் திரிகிறேன். அதன் இரைச்சல் உனக்குத் தெரியும்தானே, ஒழுங்கைக்கு வருமுன்பே ஊருக்குச் சொல்லிவிடும். பிள்ளைகள் படலைக்கு ஓடி வருவார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவேன். அவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோகும். பிறகு மரியாதைக்கு ஒரு சிரிப்பு வரும். அந்த இரண்டாவது சிரிப்பை உனக்கு ஒருவரும் காட்டியிருக்க மாட்டார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதான்.

முதல் சனிக்கிழமை என்ன நடந்தது என்று உன் அண்ணன் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேள்.

புதுத் தலைவிகளுக்கென்று கொழும்பில் ஒரு வகுப்பு வைத்தார்கள். போய்ப் படித்துவிட்டு, பெரிய ஆளாகத் திரும்பி வந்தேன். வரும் வழியில் ஒரு விசில் வாங்கினேன். நீ விசில் வைத்திருந்ததே இல்லை. கையைத் தட்டி, கோழிக்குஞ்சுக்குத் தீன் போடுகிறவள் மாதிரி "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்டு, பிள்ளைகளை வட்டமாக நிறுத்துவாய். ஒழுங்கு தெரியாதவள் என்று நான் அப்போதே நினைத்ததுண்டு. இனி எப்படி நடக்கப்போகிறது பாருங்கள் என்று, பள்ளிக்கூட முற்றத்தில் விசிலை ஊதி, "உயரப்படி லைனில நில்லுங்கோ" என்றேன்.

வேலியோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்த தாய்மாரின் பேச்சு நின்றது. அவர்களில் ஒருத்தி, செல்வமலர், உள்ளே வந்தாள். வரிசையில் நின்ற தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படலையால் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். அடுத்த சனிக்கிழமை அரைவாசிப் பிள்ளைகள் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சண்டை முடியிற காலத்தில பொம்பிளைப் பிள்ளையளை லைனில நிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ட மனிசியள் அதுகள். செல்வமலரின்ர தங்கச்சியும் அப்பிடித்தான் போனவள். திரும்பி வரேல்லை. அதுக்காகத்தான் வதனா வட்டமா நிக்க விடுறவள்."

"இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"இதெல்லாம் சொல்லுற கதையே?"

நீயும் சொல்லவில்லை, வதனா. ஒரே பாயில் படுத்து ஊர்க் கதையெல்லாம் கதைத்த நாம், இதை மட்டும் ஏன் கதைக்கவில்லை? நான் வெளியில் இருந்து வந்தவள் என்றா? உண்மைதான். அந்த வருடங்களில் நான் வவுனியா டவுனில், ஃபானுக்குக் கீழே இருந்து பரீட்சைக்குப் படித்தேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடந்தீர்கள், சேர்ந்து பங்கருக்குள் பதுங்கினீர்கள், சேர்ந்து பட்டினி கிடந்தீர்கள். அதனால்தான் நீ வாய் திறக்காமலே அந்தத் தாய்மாருக்கு உன்னை விளங்கியது. நான் எத்தனை தரம் வாய் திறந்தும் விளங்கவில்லை. அடுத்தவர் பட்ட பாட்டுக்கும் பொறாமைப்படுகிற ஒருத்தி உலகத்தில் உண்டா என்று கேட்டால், இருக்கிறாள், உன் அண்ணன் பெண்சாதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இனித் துளசியின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவளைப் பெற்றவள் நான். ஆனால் அவள் பெரியபிள்ளையானதை முதலில் உன்னிடம்தான் சொன்னாள். கூடல் நடந்துகொண்டிருந்தது. நான் குசினியில் நின்றேன். நீ உள்ளே ஓடி வந்து, "மச்சாள், எங்கட துளசி…" என்று என்னைக் கட்டிப்பிடித்தாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் பிள்ளையின் செய்தியை நீ கொண்டுவந்து எனக்குச் சொல்கிறாய் என்பது அன்று முழுக்க எனக்குச் செமிக்கவே இல்லை.

நீ போன பிறகு, அந்த விசில் சனிக்கிழமைக்கு அடுத்த கிழமை, அவளும் புத்தகத்தோடு மூலையில் இருந்துவிட்டாள்.

"வெளிக்கிடன், நேரமாகுது."

"நான் வரேல்லை அம்மா. இனி வரமாட்டன்."

"விசில் ஊதினதுக்கோ? அதை நான் விட்டிட்டன்."

"விசிலுக்கில்லை. மாமின்ர ஸ்கூட்டி, மாமின்ர தொப்பி, மாமி நிக்கிற இடம். அதில நீங்கள் நிக்கேக்க எனக்கு மாமி இல்லையெண்டதுதான் தெரியுது."

அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெற்ற பிள்ளையே வராத சங்கத்துக்கு மற்றவர்களின் பிள்ளைகளை எந்த முகத்தோடு கேட்பது? இந்த வருடக் கூடலுக்குப் பிள்ளைகள் சேராவிட்டால் சங்கம் இந்தப் பக்கத்தில் படுத்துவிடும். துளசியும் எனக்கு ஒரேயடியாகத் தூரமாகிவிடுவாள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது.

கூடலுக்குப் பிள்ளை கேட்க வீடு வீடாகத்தான் போக வேண்டும் என்பது தெரியும். போனில் சொன்னால் ஒருவரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கலியாணத்துக்குச் சொல்வதுபோல வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், தந்த தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். போனேன். குடித்தேன். ஒரே நாளில் குடித்த தேத்தண்ணியில் எனக்கு வாய் கைத்துப்போனது.

தண்ணீரூற்றில் ஜெஸீமாவின் கடைக்குப் போனேன். நல்ல மனிசி, கதிரையைத் துடைத்துப் போட்டாள், பிஸ்கட் வைத்தாள்.

"வதனா அக்கா எண்டா மறுகதை கதைக்காம விட்டிருப்பன். நாங்க திரும்பி ஊருக்கு வந்த நேரம், இந்தக் கடை கூரையில்லாமக் கிடக்கேக்க, முதல்ல வந்து என்ர மகளின்ர பேரைக் கேட்டது அவாதான். நீங்க குறை நினைக்காதீங்கோ."

குறை நினைக்காமல் எப்படி இருப்பது? நானும்தான் அன்று வந்தேன், வதனா. உன் ஸ்கூட்டிக்குப் பின்னால் இருந்து வந்தேன். கறிச்சட்டி பிடித்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு உன் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கதைதான். நீ ஒரு கூடலில் பஸ்ஸுக்குச் சொல்ல மறந்து, பிள்ளைகளைப் புளியங்குளத்துச் சந்தியில் வெயிலில் காயவிட்டாய். அதை இன்றைக்கும் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் ஒரு விசில் ஊதினேன், அது ஊரெல்லாம் பறந்துவிட்டது.

கடைசியாகச் செல்வமலர் வீடு. முற்றத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி தந்தாள். மன்னிப்புப்போல ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன், அவள் கோதைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினாள்.

"பிள்ளைக்குச் சுகமில்லை அக்கா. இந்த முறை விடேலாது."

சுகமில்லாத பிள்ளை மாமரத்தில் ஏறி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வதனா அக்கா இருந்தா…" என்று செல்வமலர் தொடங்கினாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. எழும்பிவிட்டேன்.

"வதனா செத்துப்போனாள், செல்வமலர்! இனி வரமாட்டாள். நானும் எவ்வளவு முக்கினாலும் வதனாவாக வரமாட்டன். என்னை நம்பிப் பிள்ளையை விட ஏலாதெண்டால், நீங்களும் பாயைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்குப் பக்கத்தில படுங்கோ. ஆர் வேண்டாமெண்டது?"

குத்திக் காட்டத்தான் சொன்னேன். சொன்ன சூட்டிலேயே ஹெல்மெட்டைத் தேடினேன். செல்வமலரின் கை கச்சானில் அப்படியே நின்றுவிட்டது.

"எங்களையும் விடுவினமோ அக்கா?" என்றாள்.

வதனா, அவள் அதைக் கேட்ட விதத்தை உனக்கு எப்படி எழுதுவது? நாற்பது வயதுப் பெண்ணின் வாயில் அப்படி ஓர் ஆசையை நான் அதுவரை கேட்டதில்லை. கொழும்பில் கேட்க வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, படுக்க இடம் காணுமா என்று ஒன்றையும் யோசிக்காமல், "ஓம், வரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சொல் என்னை முந்திக்கொண்டு ஊரெல்லாம் போய்விட்டது. ஜெஸீமாவே போன் எடுத்து, "நானும் மகளோட வரலாமாமே?" என்று கேட்டாள். பளையிலிருந்து, முன்பின் தெரியாத ஒருத்தி பேசினாள். வீட்டில் நான் பாய்க் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது துளசி வந்து பக்கத்தில் நின்றாள்.

"எல்லாப் பிள்ளையளும் தங்கட அம்மாவோடயே வருகினம்?"

"ஓம்."

பிறகு உள்ளே போய்த் தன் பாயை எடுத்துவந்து, என் பாய்க்கு மேல் போட்டுவிட்டுப் போனாள். ஏனென்று கேட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

கூடல் இம்முறை ஒட்டுசுட்டானிலேயே, காட்டோரப் பள்ளிக்கூடத்தில். பொழுதுபடுமுன் எல்லோரும் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும், யானை வரும். யானை வெடி இரண்டு கட்டு வாங்கி வைத்தோம், நல்ல காலம் தேவைப்படவில்லை. தாய்மார் பாய், சட்டி, வெற்றிலைப் பை, கைக்குழந்தை என்று குடிபெயர்கிற மாதிரி வந்து இறங்கினார்கள். வந்ததும் வராததுமாகக் குசினியைப் பிடித்துக்கொண்டு, என்னை உள்ளே விடவில்லை. "நீங்கள் தலைவியெல்லோ, வெளியில போங்கோ" என்று துரத்தினார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கூடலை நான் வெளியில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அவர்கள் காய்ச்சிய பருப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்கும் கொஞ்சம் எரிந்தது.

பின்னேரம் கிளித்தட்டு விளையாட மணலில் கோடு கீறினோம். பிள்ளைகளுக்கென்றுதான் கீறினோம். செல்வமலர் வந்து கோட்டைப் பார்த்தாள். சீலையைத் தூக்கிச் செருகினாள்.

"நாங்கள் மறிக்கிறம், நீங்கள் ஓடுங்கோ."

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஜெஸீமா தலைத் துணியை இறுக்கிக் குத்திக்கொண்டு கோட்டில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடினாள். செல்வமலர் ஒரு பிள்ளையோடு, "நான் தொட்டனான்! கண்ணுக்கு முன்னால தொட்டனான்! பொய் சொல்லாதை!" என்று மூச்சு வாங்கச் சண்டை பிடித்தாள். அந்தப் பிள்ளை அவளுடைய சொந்த மகள். விளையாட வேண்டிய வயதில் ஓடிக்கொண்டே இருந்த பெண்கள், வதனா. யாராவது அவர்களை விளையாட வா என்று கூப்பிட்டு எத்தனை வருடம் இருக்கும்? நீ கூப்பிட்டாயா? இல்லை. பிள்ளைகளைத்தான் கேட்டாய். தாய்மார் உன்னை அவ்வளவு நம்பினார்கள், அவர்கள் வரத் தேவையே இருக்கவில்லை. என்னை நம்பாதபடியால் வந்தார்கள்.

என்னையும் இழுத்து நடுக்கோட்டில் கிளியாக நிறுத்தினார்கள். துளசி எதிர்ப் பக்கம். அவள் இடமும் வலமும் ஏய்த்து ஓடினாள், நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். தொட்டால் போதும், ஆட்டம் முடிந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"விடுங்கோ அம்மா, அதுதான் அவுட்டெல்லோ" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டு, விடுபடப் பார்க்காமல் அப்படியே நின்றாள். வியர்வையும் மணலுமாக என் தோளில் அவளுடைய தலை இருந்தது. நடுக்கோட்டில் மறிக்க ஆளில்லாததால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கோட்டைத் தாண்டி ஓடிப்போனார்கள். செல்வமலர் என்னைத் திட்டினாள்.

அப்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? வதனா, நீ தோற்றுப்போனாய். உன்னால் முடியாததை நான் செய்துவிட்டேன். உடனே அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், நீ வாய் கோணிச் சமாளிக்கிறதைப் பார்க்க வேண்டும். உன்னைத் தேடித் திரும்பினேன். உண்மையாகவே திரும்பினேன்.

உன் செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றுவதிலேயே நின்று, நான் அழவில்லை. ஊரார் அதையும் கதைத்தார்கள். கூடலன்று பள்ளிக்கூடக் கிணற்றடியில் போய் இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருடமும் நான் நன்றாகச் சமைத்தது, நன்றாகக் கணக்கு எழுதியது, நல்ல சீலையாகப் பார்த்து உடுத்தது எல்லாம் நீ பார்ப்பதற்காக. இனி நான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் யாருக்குக் காட்டுவது?

துளசி தேடிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்து, "மாமி இதைப் பாத்திருந்தா அவாக்குச் சரியான பொறாமை வந்திருக்கும்" என்றாள். உன்னை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த முறை அது எனக்கு எரியவில்லை.

அடுத்த வருடக் கூடல் பளையில். அங்கே தாய்மார் இப்போதே பாயைத் தட்டி வைத்துவிட்டார்களாம். வதனா, சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் நீ செய்யாத ஒன்றைச் செய்துவிட்டு, வந்து உன் படத்துக்கு முன்னால் நின்று பெருமையடிப்பேன். நீ பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான் உன்மேல் பட்ட பொறாமை போதும். இனிமேல் நீ படு.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்சாதி, துளசியின் அம்மா,
உன் ஒரே மச்சாள்
பவானி